எம்.பி.ஏ. பாடமும் என் மளிகைக் கணக்கும்

"ஏம்மா, நீ எதுக்காக ஷாம்பூவை பாக்கெட்டா வாங்கறே? பாட்டிலா வாங்கினா என்ன?"

ராத்திரி பத்தரை மணி. மறுநாள் இட்லிக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் என் பெண் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"பாட்டில் வாங்க ஒரே தடவையா பணம் வேணும்டி. அதுவும் இல்லாம, உன் தம்பி கையில பாட்டில் கிடைச்சா நாலே நாள்ல காலி" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கையைக் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிளஸ் டூவோடு படிப்பை மூட்டை கட்டிய நான், நாற்பது வயசுக்கு மேல் எம்.பி.ஏ. பாடம் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்!

எங்கள் வீடு மணலியில். ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போனால் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியில் எரிகிற தீ தெரியும். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று ஆரம்பித்த கம்பெனி அது. 2000-ல் சென்னைப் பெட்ரோலியம் என்று பெயர் மாறியும், எங்கள் ஊர்க்காரர் வாயில் இன்னும் 'எம்.ஆர்.எல்.'தான். எண்ணெய், உரம், ரசாயனம் என்று எல்லாம் டேங்கரிலும் மூட்டையிலும் வெளியூருக்குப் போய்விடும். எங்கள் ஊர் பொருள் செய்கிற ஊர். என் கணவரும் ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஃபிட்டர் வேலை பார்க்கிறார். அதனால் எங்கள் கண்ணுக்குச் செய்கிறவன்தான் உழைப்பாளி, விற்கிறவன் வாய்ச்சாலக்காரன்.

பி.காம். முடித்த பெண் "எம்.பி.ஏ. படிக்கிறேன், மார்க்கெட்டிங் எடுக்கப்போறேன்" என்று சொன்னதும் இவர், "படிச்சுட்டு வீடு வீடா சோப்பு விக்கவா?" என்று கேட்டார். நானும் ஒத்துப் பாடினேன். அவள் பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் வங்கியில் படிப்புக் கடன் போட்டு, இவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

காலை ஆறரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போய், அங்கிருந்து மெட்ரோ ரயில். (எங்கள் பக்கத்துக்கு மெட்ரோ வந்தது 2021-ல். வராதிருந்தால் அந்தக் கல்லூரியை நினைத்தே பார்த்திருக்க முடியாது.) வீடு திரும்ப எட்டு மணி. அதற்கு மேல் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யும் 'குரூப்' வேலை, போனிலேயே பன்னிரண்டு மணி வரை. சாப்பிட்ட தட்டை வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

இதையெல்லாம்விட அவளைப் பயமுறுத்தியது வகுப்பு நடக்கும் முறை. வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளும் வகுப்பு இல்லையாம் அது. ஒரு கம்பெனியின் கதையை முதல் நாளே கையில் கொடுத்துவிடுவார்கள். 'கேஸ்' என்று அதற்குப் பெயர். கம்பெனிக்கு வந்த சிக்கல் அதில் இருக்கும், விடை இருக்காது. "நீ முதலாளியா இருந்தா என்ன செய்வே?" என்று மறுநாள் கேட்பார்கள். 1908-ல் ஆரம்பித்த அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வேரூன்றிய வழக்கமாம். 1961-ல் ஆமதாபாத்தில் ஐ.ஐ.எம். ஆரம்பித்தபோது ஹார்வர்டின் துணையோடு அது நம் நாட்டுக்கும் வந்தது. வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கே மார்க் உண்டு.

தமிழ் மீடியத்தில் படித்த என் பெண் ஆறு வாரம் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் இங்கிலீஷில் படபடவென்று பொரிய, இவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். அன்று பேராசிரியர், "நாளைக்கு நீதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

"நான் நின்னுடட்டுமாம்மா?" என்றாள்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. முதல் வருஷத்துப் பணம் கட்டியாகிவிட்டது. 'அப்பவே சொன்னேனே' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நாளைக்கு என்ன பாடம்? தமிழ்ல சொல்லு" என்றேன்.

"ஷாம்பூ பாக்கெட்" என்றாள்.

அவள் படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எங்கள் பக்கத்துக் கதை!

நான் பிறந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பக்கத்து ஊரான கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும், அதற்குச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்று யோசித்தவர். அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். அப்பா பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிக்' என்று ஷாம்பூவுக்குப் பெயர் வைத்தார். அதுதான் வளர்ந்து இன்றைய கெவின்கேர் நிறுவனம் ஆயிற்று.

"அந்த சிக் பாக்கெட்டை நான் பொறுக்கியிருக்கேண்டி!" என்றேன். பெண் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

எனக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும். வெள்ளிக்கிழமையானால் சீயக்காய்தான். ஷாம்பூ என்பது கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கும் பட்டணத்துச் சொந்தக்காரர்கள் போடுவது. அப்போது ஒரு சேதி வந்தது. எந்த ஷாம்பூவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் சும்மா கிடைக்கும்! அவ்வளவுதான், நாங்கள் பிள்ளைகள் எல்லாம் பம்ப்செட், குளத்தங்கரை, குப்பைமேடு என்று அலைந்தோம். ஈரப் பாக்கெட்டை உதறி, பாவாடையில் துடைத்து, எண்ணி எண்ணி வைப்போம். குப்பையைக் கிளறினதற்காக எங்கம்மா விளக்குமாற்றால் ஒரு போடு போட்டாள்! கொஞ்ச நாளில் கடைக்காரர், "இனிமே சிக் காலிப் பாக்கெட்தான் எடுப்பேன், மத்தது வேணாம்" என்றார். அதற்குள் எங்களுக்கு அந்தப் பெயரும் வாசனையும் பழகிவிட்டது. காசு கொடுத்து வாங்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டோம்.

"அப்போ நீ அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாம விற்பனை வேலை பார்த்திருக்கே!" என்று சிரித்தாள் என் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மைதானே? நாங்கள் காலிப் பாக்கெட்டோடு வந்து நின்றதால்தானே கடைக்காரர்கள் அந்தச் சரக்கை வாங்கி வைத்தார்கள்?

மறுநாள் சாயந்திரம் அவள் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மற்றவர்கள் லாபக் கணக்கு, சதவிகிதம் என்று தயாராக வந்திருந்தார்களாம். இவள் கால் நடுங்க எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "என் அம்மா அந்தப் பாக்கெட்டைப் பொறுக்கியவர்" என்று ஆரம்பித்தாளாம். கூலி தினமும் வருகிற வீட்டில் செலவும் தினமும்தான் நடக்கும். மாதச் சம்பளக்காரருக்குத்தான் பாட்டில் என்று விளக்கினாளாம். இலக்கணப் பிழையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேராசிரியர் அவள் சொன்னதைப் பலகையில் எழுதினாராம்.

அதற்குப் பிறகு அவள் படிப்பைப் பற்றி எனக்கும் ஓர் ஆவல் வந்துவிட்டது. அவள் சத்தம் போட்டுப் படிப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். புரியாததைத் தமிழில் சொல்லச் சொல்வேன். கிளை நூலகத்தில் தமிழ் வணிகப் பத்திரிகைகளையும் புரட்ட ஆரம்பித்தேன்.

பிலிப் காட்லர் என்பவர் எழுதிய மார்க்கெட்டிங் புத்தகம் தலையணை மாதிரி இருக்கிறது. 1967-ல் முதலில் வந்தது. இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில் நாலு விஷயம் திரும்பத் திரும்ப வரும். என்ன பொருள், என்ன விலை, எந்த இடத்தில் கிடைக்கும், எப்படி எடுத்துச் சொல்வது. 1960-ல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த நாலு இவை. கேட்டதும் எனக்கு எங்கள் தெரு அண்ணாச்சிதான் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் கைக்கு அடக்கமாகப் பொட்டலம் கட்டுவார். இன்னார் வீட்டில் எத்தனை ரூபாய் தாங்கும் என்று தெரியும். ஷாம்பூ சரத்தைக் கண்ணுக்கு எதிரே தோரணமாகத் தொங்கவிடுவார். "புதுசா வந்திருக்கு தங்கச்சி, நல்லாருக்காம்" என்பார். கூடவே ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. பற்றுக் கணக்கு நோட்டு!

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் சி.கே. பிரகலாத். கோயமுத்தூரில் 1941-ல் பிறந்து, சென்னை லயோலாவில் பௌதிகம் படித்தவர். பத்தொன்பது வயசில் சென்னை யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். (1984-ல் போபாலில் அத்தனை உயிர்களைக் குடித்த விஷவாயுக் கசிவோடு பெயர் சேர்ந்துவிட்ட அதே கம்பெனி.) பிறகு ஆமதாபாத், ஹார்வர்டு என்று படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2010-ல் காலமானார். 2004-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பணக்காரர்களை உச்சியிலும் ஏழைகளை அடியிலும் வைத்த கோபுரமாக உலகத்தை நினைத்துப் பாருங்கள்; அந்த அடிமட்டத்து மக்களை யாசகர்களாகப் பார்க்காதீர்கள், வாங்குகிறவர்களாக மதியுங்கள், அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் நல்ல பொருளைக் கொடுங்கள், உங்களுக்கும் லாபம் அவர்களுக்கும் நன்மை என்கிறார்.

அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதைக் கொண்டு, முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் விலை அதிகமாக இருந்தபோது, 1992-ல் மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்து விலையை இறக்கினார்கள். ஹார்வர்டு பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதே மிச்சிகனில் வேலை பார்த்த அனில் கர்னானி என்ற பேராசிரியர் இதை மறுத்தார். ஏழைக்கு முதலில் வேண்டியது வருமானம், புதுப்புதுச் சாமான் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து அவன் தேவையில்லாததற்குச் செலவழித்தால் அது நன்மையா என்பது அவர் கேள்வி. சிவப்பழகு கிரீம் விளம்பரங்களைப் பற்றியும் எழுதினார். 1975-ல் வந்த 'ஃபேர் அண்டு லவ்லி' 2020-ல்தான் 'க்ளோ அண்டு லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதற்குள் எத்தனை கறுத்த பெண்கள் கண்ணாடி முன் நின்று மனம் ஒடிந்திருப்பார்கள்!

இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, விஷயம் என் சமையலறைக்குள் வந்துவிட்டது.

சின்னவனுக்குப் பதின்மூன்று வயசு. பள்ளியில் உடம்பு பரிசோதித்து, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் இரண்டு வேளை பாலில் சத்துப் பானப் பொடி கலந்து கொடுக்கிறேனே! மாதம் இரண்டு டப்பா, கிட்டத்தட்ட 500 ரூபாய். 'வளர்வான், பலமாவான், முதல் மார்க் வாங்குவான்' என்று டி.வி.யில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே கொடுப்பாளே, அந்த அம்மா மாதிரிதான் நானும் கொடுத்தேன்.

பெண் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். "அம்மா, நூறு கிராம்ல முப்பது கிராமுக்கு மேல சேர்த்த சர்க்கரை."

"எல்லாரும் வாங்கறாங்கடி. டாக்டர் கோட்டு போட்டவங்க சொல்றாங்க."

"அவங்க நடிக்கிறவங்கம்மா. உன்னைக் குறி வச்சுத்தான் அந்த விளம்பரம் எடுத்திருக்காங்க. 'நல்ல அம்மாவா இருக்கோமா'ங்கற உன் பயம்தான் அவங்க சரக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்க வச்சதுக்கு என்னையே முட்டாள்னு சொல்றியா?" என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா பையனைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "டப்பா சரி. சாப்பாட்டுல என்ன கொடுக்கறீங்க?" நான் விழித்தேன். டப்பாவுக்குக் காசு ஒதுக்கிவிட்டு முட்டையைக் குறைத்திருந்தேன். அதுதான் உண்மை. இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். முருங்கைக்கீரை, பயறு, முட்டை சேர்க்கச் சொன்னார். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம் என்றார். அந்த 500 ரூபாயில் 70 முட்டைக்கு மேல் வாங்கலாம் என்று வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து நானாகவே பெண்ணிடம் பேசினேன்.

நம் நாட்டு உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாதாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையக் கடைகள் இந்தப் பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இதுவும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில் கேழ்வரகு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வறுத்து அரைத்த சத்துமாவுக் கஞ்சி. வெல்லமும் சர்க்கரைதான், அதனால் கொஞ்சமாகத்தான் போடுகிறேன். நாலு மாதம் கழித்துப் பரிசோதித்ததில் பையனுக்கு ரத்தம் கூடியிருக்கிறது.

சகோதரிகளே, விற்கிறவர்கள் நம்மைப் பற்றி இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிறார்கள். நாம் அவர்களைப் பற்றி இரண்டு நிமிஷமாவது படிக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கிற நாலு விஷயங்களைச் சொல்கிறேன்.

1. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம். சேர்ந்திருக்கும் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு மூன்றில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான். குளுக்கோஸ் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்றெல்லாம் வந்தாலும் அவை சர்க்கரைக்குச் சொந்தக்காரர்கள்தான்.

2. பெரிசு என்றால் மலிவு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பாக்கெட்டுகளில் இப்போது ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிடுகிறார்கள். இல்லாவிட்டால் வகுத்துப் பாருங்கள். பல ஷாம்பூக்களில் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு! ஆனால் அந்தக் காலி உறைகள் மக்காது. மழை வந்தால் எங்கள் தெருக் கால்வாயை அடைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கு எந்தப் பாக்கெட்டிலும் அச்சாவதில்லை.

3. விளம்பரம் உங்களுக்கு ஆசை காட்டுகிறதா, பயம் காட்டுகிறதா என்று பாருங்கள். பயம் காட்டினால் அன்றைக்கு வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள்.

4. இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பால் பவுடர் கம்பெனிகள் தாய்மாரிடம் விற்ற முறையைப் பற்றி உலகமெங்கும் எதிர்ப்பு கிளம்பி, 1981-ல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி தாய்ப்பாலுக்குப் பதிலான பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவசமாகக் கொடுத்துப் பழக்கவும் கூடாது. யாராவது ஓசியில் நீட்டினால் வாங்காதீர்கள். பால் போதவில்லை என்று தோன்றினால் டாக்டரைக் கேளுங்கள்.

என் பெண் இப்போது இரண்டாம் வருஷம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு கம்பெனிக்காக ராயபுரத்திலும் எண்ணூரிலும் கடை கடையாக ஏறி இறங்கி விவரம் சேகரித்தாள். முகம் கறுத்து, செருப்புத் தேய்ந்து வந்தவளைப் பார்த்து இவர், "என் வேலையைவிடக் கஷ்டமா இருக்கே!" என்றார். அதற்கப்புறம் வாய்ச்சாலக்காரர் என்ற பேச்சை எடுப்பதில்லை.

போன வாரம் அவளிடம் கேட்டேன். "நாளைக்கு உன்னையும் இதே மாதிரி ஒரு டப்பாவை விக்கச் சொன்னா என்ன செய்வே? தலைக்கு மேல கடன் இருக்கே."

உடனே பதில் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே, "தெரியலைம்மா. ஆனா பின்பக்கத்தை நீ படிப்பேங்கறது எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மறுநாள் அண்ணாச்சி கடையில் ஒரு டப்பாவைத் திருப்பிப் படித்துக்கொண்டு நின்றேன். "என்ன தங்கச்சி, பரீட்சைக்குப் படிக்கறாப்ல இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி, எம்.பி.ஏ.!" என்றேன்.